பிரிட்டிஷ் பிரதமர் நினைத்தால் தேர்தலையே நிறுத்திவிட முடியுமா?

கேள்வி இதுதான்: “பிரிட்டனுக்கு எழுதப்பட்ட அரசியலமைப்புச் சட்டம் கிடையாது என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் அங்கே ஒரு பிரதமர் தேர்தலை ரத்து செய்துவிட்டுத் தன் பாட்டுக்கு உட்கார்ந்துகொள்ளலாமே? யார் தடுப்பார்கள், எதை வைத்துத் தடுப்பார்கள்?”

பிரதமரால் முடியாது. நாடாளுமன்றத்தால் முடியும். செய்தும் இருக்கிறது.

1715-இல் தேர்வான சபையின் ஆயுள் மூன்று வருடம். மறு வருடமே ஒரு சட்டம் போட்டு அதை ஏழு வருடமாக நீட்டிக்கொண்டது. ஓட்டுப் போட்டவர்களை யாரும் கேட்கவில்லை. 1910 டிசம்பரில் தேர்வான சபை, இனி எந்தச் சபையும் ஐந்து வருடத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது என்று 1911-இல் சட்டம் போட்டது. அப்புறம் போர் வந்தது. அதே சபை தன் ஆயுளைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டு 1918 வரை ஓட்டியது. இரண்டாம் உலகப்போரிலும் இதே கதை. 1935-இல் தேர்வான சபை, வருடத்துக்கு ஒரு வருடம் என்று நீட்டிப்புச் சட்டம் போட்டு 1945 வரை இருந்தது.

எழுதிவைத்திருந்தால் இது நடந்திருக்காது என்று அவசரப்பட வேண்டாம். இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது, 1976-இல், மக்களவையின் ஆயுள் நீட்டிக்கப்பட்டது. அரசியலமைப்புச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது. இலங்கையில் 1982 டிசம்பரில் ஜெயவர்தன ஒரு பொதுவாக்கெடுப்பு நடத்தி, பொதுத் தேர்தலே இல்லாமல் நாடாளுமன்றத்தை இன்னும் ஆறு வருடத்துக்கு நீட்டினார். அங்கேயும் எழுதிவைத்த சட்டம் இருந்தது. அதைத் திருத்தித்தான் செய்தார்கள். ஆகவே எழுதியிருக்கிறதா இல்லையா என்பதைவிட, மீறினால் என்ன நடக்கும், யார் கேட்பார்கள் என்று பார்ப்பதுதான் உபயோகம். பிரிட்டிஷ் ஏற்பாட்டின் ஒவ்வொரு அம்சத்தையும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

முதலில் ஒரு சொல் திருத்தம். வகுப்பில் நான் பாடம் எடுத்த காலத்தில் விடைத்தாளில் ‘எழுதப்படாத அரசியலமைப்பு’ என்று எழுதினால் அரை மதிப்பெண் குறைப்பேன். பிள்ளைகள் திட்டுவார்கள். ஆனால் அது தப்புதான். பிரிட்டிஷ் அரசியலமைப்பில் பெரும்பகுதி எழுதப்பட்டதே. ஒரே புத்தகமாகத் தொகுக்கப்படவில்லை, அவ்வளவுதான். 1215-இல் ஜான் மன்னரிடம் பிரபுக்கள் வாங்கிய மகா சாசனத்தின் சில உட்பிரிவுகள், 1297-இல் சட்டமான வடிவத்தில், இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. 1689-இன் உரிமைச் சட்டம், 1701-இன் வாரிசுரிமைச் சட்டம், ஸ்காட்லாந்தோடு 1707-இல் ஏற்பட்ட இணைப்பு, 1911, 1949 நாடாளுமன்றச் சட்டங்கள், 1998-இன் மனித உரிமைச் சட்டம், அதே வருடத்து ஸ்காட்லாந்துச் சட்டம் எல்லாமே அச்சில் இருப்பவை. அதோடு நீதிபதிகள் பல நூற்றாண்டாகத் தீர்ப்புத் தீர்ப்பாகக் கட்டிய காமன் லா. இதற்கெல்லாம் மேலே, எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத மரபுகள்.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதாத கூட்டுக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த அறை யாருடையது, மாந்தோப்புக் குத்தகைப் பணம் யார் கைக்குப் போகும், பெரியவர் காலத்துக்குப் பிறகு சாவிக்கொத்து யாரிடம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கிணற்றுக்கு ஒரு பத்திரம், பின்கட்டுக்கு ஒரு கோர்ட் தீர்ப்பு என்று காகிதமும் உண்டு. முழுச் சொத்துக்கும் சேர்த்து ஒரே பத்திரம்தான் கிடையாது. பத்திரம் எழுத வேண்டிய நிலை எப்போது வரும்? குடும்பம் உடையும்போது. நாடுகளும் அப்படித்தான், விடுதலை, புரட்சி, தோல்வி என்று ஏதாவது ஒன்று வந்தால்தான் உட்கார்ந்து எழுதும். இங்கிலாந்திலும் ஒருமுறை உடைந்தது. மன்னர் தலையை வெட்டினார்கள். 1653-இல் கிராம்வெல் காலத்தில் ஒரு முழு எழுத்துவடிவ அரசியலமைப்பே வந்தது. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் கிராம்வெல் காலத்து ஏற்பாடுகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு எழுதியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி அங்கே வரவில்லை.

சரி, நடுத்தூணுக்கு வருவோம். நாடாளுமன்றத்தின் இறைமை. 1885-இல் டைசி என்ற ஆக்ஸ்போர்டு பேராசிரியர் இதற்குக் கொடுத்த வடிவம்தான் இன்றுவரை பாடம். நாடாளுமன்றம் எந்தச் சட்டத்தையும் போடலாம், எதையும் நீக்கலாம். அது போட்ட சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. இந்தியாவில் இருந்து பார்க்கும்போது இது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பைத் திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பில் கை வைக்கக் கூடாது என்று சொன்னது. லண்டனில் அப்படி ஒரு வேலி கிடையாது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பர்மாவில் இருந்து வருகிறது. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனை நெருங்கியபோது, எண்ணெய்க் கிடங்குகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் எதிரி கையில் சிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் ராணுவமே அவற்றை அழித்தது. சொத்துக்காரர் பர்மா ஆயில் கம்பெனி. போர் முடிந்தபின் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. 1964-இல், நாடாளுமன்றத்தின் மேலவையாகவும் அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், கொடுத்தாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். கம்பெனி ஜெயித்தது. மறு வருடம் நாடாளுமன்றம் ஒரு சிறு சட்டம் போட்டது: இப்படிப்பட்ட போர்க்கால அழிவுக்கு நஷ்டஈடு கிடையாது, ஏற்கெனவே நடந்தவற்றுக்கும் சேர்த்து. தீர்ப்பு வெறும் காகிதமாயிற்று. அதற்கு மேல் முறையீடு செய்ய ஓர் இடம் இல்லை.

அதே 1965-இன் கடைசியில், அதே லண்டனில், இலங்கை வழக்கு ஒன்று, அன்று இலங்கைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் முன் வந்தது. 1962 ஜனவரியில் சிறிமாவோ அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக ராணுவ, போலீஸ் அதிகாரிகள் கைதானார்கள். அவர்களைத் தண்டிப்பதற்கென்றே கொழும்பில் ஒரு தனிச் சட்டம், முன்தேதியிட்டு: குறைந்தபட்சத் தண்டனை, சாட்சிய விதிகளில் தளர்வு எல்லாம் அதில் இருந்தது. பதினோரு பேர் தண்டிக்கப்பட்டார்கள். பிரிவி கவுன்சில் அந்தச் சட்டத்தையே செல்லாது என்று தூக்கி எறிந்து அவர்களை விடுவித்தது. நீதித்துறையின் வேலையை நாடாளுமன்றம் கையில் எடுத்துக்கொள்ள இலங்கையின் அரசியலமைப்பு அனுமதிக்கவில்லை என்பது காரணம். தீர்ப்பைச் சொன்னவர் பியர்ஸ் பிரபு. பர்மா ஆயில் வழக்கில் கம்பெனிக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்ன மூவரில் அவரும் ஒருவர். தன் தீர்ப்பை லண்டன் நாடாளுமன்றம் முன்தேதிச் சட்டத்தால் அழித்தபோது அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கொழும்பு நாடாளுமன்றத்தின் முன்தேதிச் சட்டத்தை அவரே அழித்தார். இறைமை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை.

பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2023 நவம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், புகலிடம் கேட்டு வருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் சட்டவிரோதம், அந்த நாடு அவர்களுக்குப் பாதுகாப்பானது இல்லை என்றது. 2024 ஏப்ரலில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: ருவாண்டா பாதுகாப்பான நாடு, நீதிமன்றங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளபடி உள்ள ஒரு விஷயத்தையே சட்டம் போட்டு மாற்றுகிற வேலை. அந்தத் திட்டத்தை நிறுத்தியது எந்த நீதிமன்றமும் அல்ல. ஜூலைத் தேர்தலில் ஆட்சி மாறியது, புதிய அரசு கைவிட்டது.

இந்த இறைமைக்கு ஒரு விசித்திரமான மறுபக்கம் உண்டு. எந்த நாடாளுமன்றமும் அடுத்த நாடாளுமன்றத்தின் கையைக் கட்ட முடியாது. சில சமயம் தன் கையையே கட்ட முடியாது. 2011-இல், முன்கூட்டித் தேர்தல் வைக்க வேண்டுமானால் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 650-இல் 434 பேர் ஆதரிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 2019-இல் போரிஸ் ஜான்சன் மூன்று தடவை கேட்டுப் பார்த்தார், 434 வரவில்லை. பிறகு என்ன செய்தார்? அந்தச் சட்டத்தைத் தொடாமல், ‘அது எப்படி இருந்தாலும் டிசம்பர் 12-ஆம் தேதி தேர்தல்’ என்று ஒரு குட்டிச் சட்டம் கொண்டுவந்தார். அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். பூட்டைத் திறக்காமல் கதவைக் கழற்றிவிட்டார்கள். (வேடிக்கை என்னவென்றால், கடைசி வாக்கெடுப்பில் 438 பேர் ஆதரித்தார்கள்.) 2022-இல் பழைய சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். நம்மூரில் அரசியலமைப்புத் திருத்தத்துக்குச் சிறப்புப் பெரும்பான்மை, சிலவற்றுக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதல் என்றெல்லாம் இருக்கிறது. அங்கே தேர்தல் முறையை மாற்றவும் ரோட்டு வரியை மாற்றவும் ஒரே வழிதான்.

ஆனாலும் எல்லாச் சட்டமும் ஒரே எடையா? இந்தக் கேள்வி வாழைப்பழத்தில் இருந்து வந்தது. சண்டர்லாந்து நகரத்தில் ஸ்டீவ் தோபர்ன் என்ற கடைக்காரர் பழத்தைப் பவுண்டுக் கணக்கில் எடைபோட்டு விற்றார். ஐரோப்பிய விதிப்படி கிலோக் கணக்கு கட்டாயம் என்று அவர்மேல் வழக்கு. பவுண்டை அனுமதித்த 1985-ஆம் வருடச் சட்டம், ஐரோப்பாவோடு சேர்த்த 1972-ஆம் வருடச் சட்டத்துக்குப் பின் வந்தது. பின்னது முன்னதை வெல்லும் என்பது பழைய விதி. ஆகவே என் தராசு செல்லும் என்றார். 2002-இல் நீதிபதி லாஸ் அதை ஏற்கவில்லை. சில சட்டங்கள் அரசியலமைப்புத் தன்மை கொண்டவை, அவற்றைப் பின்னால் வந்த ஒரு சட்டம் போகிற போக்கில் அழித்துவிட முடியாது, நாடாளுமன்றம் வெளிப்படையாகச் சொல்லித்தான் நீக்க வேண்டும் என்றார். வாழைப்பழக்காரர் தோற்றார், கோட்பாடு தங்கியது. கவனியுங்கள், நீக்க முடியாது என்று அவரும் சொல்லவில்லை. வாய்திறந்து சொல்லிவிட்டு நீக்கு என்றார்.

இப்போது மரபுகள். வெளியாருக்குப் புரியாத பகுதி இதுதான், சுவையான பகுதியும் இதுதான்.

பிரதமர் என்ற பதவியை எந்தச் சட்டமும் உருவாக்கவில்லை. 1721-இல் பொறுப்புக்கு வந்த வால்போலை முதல் பிரதமர் என்று வரலாற்றில் எழுதுகிறோம். அந்தச் சொல் ஒரு சட்டத்தில் முதன்முதலாகத் தலைகாட்டியதோ 1917-இல். அதுவும் பிரதமருக்கு ஓய்வெடுக்க ஒரு கிராமத்து மாளிகையை ஒதுக்கிய சட்டத்தில்! பெரும்பான்மை உள்ளவரைத்தான் அரசர் அழைக்க வேண்டும், பிரதமர் மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில் இருந்து வர வேண்டும், நம்பிக்கை வாக்கில் தோற்றால் ராஜினாமா செய்ய வேண்டும் அல்லது தேர்தலுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் மரபு.

1963 அக்டோபரில் பிரதமரான ஹோம் ஒரு பிரபு. பிரபுக்கள் சபையில் இருந்துகொண்டு நாட்டை ஆளக் கூடாது என்று சட்டம் ஏதும் தடுக்கவில்லை. ஆனால் 1902-இல் சாலிஸ்பரி விலகிய பிறகு எந்தப் பிரபுவும் பிரதமராக இருந்ததில்லை. அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு அவர் பரம்பரைப் பட்டத்தைத் துறந்தார், ஸ்காட்லாந்தில் ஓர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து உள்ளே வந்தார். நடுவில் இரண்டு வாரம் இரண்டு சபையிலும் உறுப்பினராக இல்லாத ஒருவர் பிரிட்டனின் பிரதமர். மரபைக் காப்பாற்றப் போய் இன்னொரு விநோதம். யாரும் வழக்குப் போடவில்லை, போட்டிருந்தாலும் தள்ளுபடி ஆகியிருக்கும்.

மரபை மீறினால் கோர்ட் கேட்காது. அப்படியானால் என்ன ஆகும்? 1909-ஐப் பாருங்கள். நிதி மசோதாவில் பிரபுக்கள் சபை கை வைக்காது என்பது நெடுநாள் வழக்கம். நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த பட்ஜெட்டில் நிலச்சுவான்தார்களுக்கு வரி. கோபத்தில் பிரபுக்கள் 350-க்கு 75 என்று அதைக் கவிழ்த்தார்கள். சட்டப்படி அவர்களுக்கு அந்த உரிமை இருந்தது. விளைவு, ஒரே வருடத்தில் இரண்டு பொதுத் தேர்தல். உங்களைத் தோற்கடிக்கும் அளவுக்குப் புதுப் பிரபுக்களை நியமிப்போம் என்று அரசரை வைத்தே மிரட்டல். கடைசியில் 1911 சட்டம்: நிதி மசோதாவைத் தடுக்கும் அதிகாரம் பறிபோனது, மற்ற மசோதாக்களை இரண்டு வருடம் தாமதிக்கலாம், அவ்வளவே. 1949-இல் அதுவும் ஒரு வருடமாகக் குறைந்தது. மரபை உடைத்தவர்கள் சட்ட உரிமையையே இழந்தார்கள்.

உங்கள் கேள்விக்கு இந்த 1911 சட்டத்தில்தான் பாதி பதில் இருக்கிறது. காமன்ஸ் சபை பிரபுக்களை மீறிச் சட்டம் போடலாம், ஒன்றைத் தவிர: நாடாளுமன்றத்தின் ஆயுளை ஐந்து வருடத்துக்கு மேல் நீட்டும் மசோதா. அதற்குப் பிரபுக்கள் சபையின் சம்மதம் இன்றும் வேண்டும். பிரதமர் காமன்ஸில் எத்தனை பெரிய பெரும்பான்மை வைத்திருந்தாலும், யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பாத அந்தக் கிழட்டுச் சபை தலையசைக்காமல் தேர்தலைத் தள்ளிப்போட முடியாது. மசோதா எதுவும் கொண்டுவராமல் சும்மா இருந்தாலும் பயனில்லை. 2022 சட்டப்படி முதல் கூட்டம் கூடி ஐந்தாண்டு ஆனதும் நாடாளுமன்றம் தானாகவே கலைந்துவிடும்.

மரபுகள் பிறக்கின்றன, வளர்கின்றன, வாடியும் போகின்றன. போருக்குப் படை அனுப்புவது அரசின் அதிகாரம், நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை. 2003-இல் ஈராக் போருக்கு முன் டோனி பிளேர் வாக்கெடுப்பு நடத்தினார். 2013-இல் சிரியா மீது தாக்குதல் நடத்த டேவிட் கேமரன் அனுமதி கேட்டு 285-க்கு 272 என்று தோற்றார், தாக்கவில்லை. அடடா, புது மரபு உருவாகிவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். 2018-இல் தெரசா மே முன்கூட்டி வாக்கெடுப்பு இல்லாமலே சிரியாவில் குண்டு போட்டார். அது மரபா, இரண்டு மூன்று தடவை நடந்த ஒரு பழக்கமா? அடுத்த பிரதமர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்து.

மரபைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றிவிட்டால் பலம் வந்துவிடுமா? ஸ்காட்லாந்துக்கு ஒப்படைத்த விஷயங்களில் அதன் நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் லண்டன் ‘சாதாரணமாக’ச் சட்டம் போடாது என்பது 1998-இல் இருந்து வந்த மரபு. 2016-இல் அதையே சட்டத்தில் எழுதினார்கள். மறு வருடம் பிரெக்சிட் (ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து பிரிட்டன் விலகுவது) வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுதியதாலேயே அது நீதிமன்றம் காவல் காக்கும் விதியாகிவிடாது, அரசியல் மரபாகவே நீடிக்கிறது என்றது. எடின்பரோவில் ரொம்பப் பேருக்கு இது இன்னும் ஆறவில்லை. என் கணக்கில், பிரிட்டிஷ் ஏற்பாட்டின் பலவீனமான இடம் இதுதான். கூட்டுக் குடும்பத்தில் தம்பியிடம், ‘உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டோம், சாதாரணமாக’ என்று எழுதிக் கொடுப்பது போல.

இந்த மரபுகள் கடல் தாண்டியும் போயின. 1946-இன் சோல்பரி அரசியலமைப்பு, இலங்கையின் ஆளுநர் நாயகம் தன் அதிகாரங்களை பிரிட்டனில் மன்னர் கடைப்பிடிக்கும் மரபுகளின்படி பயன்படுத்த வேண்டும் என்றே எழுதிவைத்தது. எழுதாத ஒன்றைப் பார்த்து நடந்துகொள் என்று எழுதிவைத்தார்கள். நம்மிடமும் உண்டு. இந்திய அரசியலமைப்பின் 194-ஆவது பிரிவு, மாநிலச் சட்டசபைகளின் சிறப்புரிமைகளைத் தனிச் சட்டம் வரும்வரை பிரிட்டிஷ் காமன்ஸ் சபைக்கு உள்ளவையே என்று சொல்லிவிட்டது. 1978-இன் 44-ஆவது திருத்தம் காமன்ஸ் என்ற பெயரை எடுத்தது, பொருளை மாற்றவில்லை. 1987-இல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்ததே, அந்த அதிகாரத்தின் வேர் வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது லண்டன் நாடாளுமன்றத்தில்தான். காமன்ஸ் சபை 19-ஆம் நூற்றாண்டுக்குப் பின் யாரையும் சிறையில் தள்ளவில்லை என்பதை மட்டும் நாம் கடன் வாங்கவில்லை.

அடுத்தது அரச சிறப்புரிமை. ஒருகாலத்தில் மன்னரிடம் இருந்து, இன்று அவர் பெயரில் அமைச்சர்கள் பயன்படுத்தும் அதிகாரங்களின் மிச்சம்: போர், ஒப்பந்தம், மன்னிப்பு, பட்டங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கூட இன்றும் இந்த அதிகாரத்தின்கீழ்தான் கொடுக்கப்படுகிறது. நாடாளுமன்றச் சட்டம் தேவையில்லை என்பதால் பிரதமர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் இதற்கு எல்லை உண்டு. 1610-இலேயே தலைமை நீதிபதி கோக், நாட்டின் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் மன்னருக்குச் சிறப்புரிமை என்று ஜேம்ஸ் மன்னருக்கே சொல்லிவிட்டார்.

நானூறு வருடம் கழித்து அது பலித்ததை 2019-இல் பார்த்தோம். பிரெக்சிட் கெடு அக்டோபர் 31. ஆகஸ்ட் 28-ஆம் தேதி பால்மோரல் மாளிகையில் ராணியிடம், நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஐந்து வாரம் முடித்துவைக்கும்படி ஜான்சன் அரசின் ஆலோசனை போனது. ராணி சம்மதித்தார், அமைச்சர் சொன்னால் அரசர் கேட்பது மரபு. செப்டம்பர் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் பதினோரு நீதிபதிகள், ஒருவர் பாக்கியில்லாமல், அது சட்டவிரோதம் என்றார்கள். கோட்டில் சிலந்தி வடிவ ஊசி குத்திக்கொண்டு தீர்ப்பை வாசித்த தலைவர் ஹேல், இத்தனை நாள் மூடுவதற்கு நல்ல காரணம் கிடக்கட்டும், ஒரு காரணமே எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றார். அரச ஆணையர்கள் சபைக்குள் கொண்டுபோன ஆணை வெற்றுக் காகிதத்துக்குச் சமம். ஆகவே கூட்டத்தொடர் முடியவே இல்லை. மறுநாள் காலையே சபை கூடியது. எந்தப் பிரிவின்கீழ் இந்தத் தீர்ப்பு என்று கேட்டால், பிரிவு கிடையாது. அரசு நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்ற கொள்கையே போதும் என்றார்கள். நீதிமன்றம் வரம்பு மீறிவிட்டது என்று அன்று எழுதியவர்களும் உண்டு. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. நாடாளுமன்றத்தைப் பூட்டி வைக்க முடியுமானால் அதன் இறைமைக்கு என்ன அர்த்தம்?

சட்டத்தின் ஆட்சியைப் பற்றிச் சுருக்கமாக. 1762-இல் ஜான் என்டிக் என்ற எழுத்தாளர் வீட்டுக்குள் அரசரின் தூதர்கள் நுழைந்து, பெட்டிகளை உடைத்துக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கையில் அமைச்சரின் வாரண்ட். வழக்கில் நீதிபதி கேம்டன் கேட்டது ஒன்றுதான்: இதற்கு அதிகாரம் தரும் சட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? இல்லையா, அப்படியானால் இது அத்துமீறல். குடிமகன் தடுக்கப்படாத எதையும் செய்யலாம். அரசு அனுமதிக்கப்பட்டதை மட்டுமே செய்யலாம். 2017-இல் வேலைத் தகராறுத் தீர்ப்பாயத்துக்குப் போக 1,200 பவுண்டு வரை கட்டணம் வைத்த ஆணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது வேர் இதேதான்: நீதிமன்றக் கதவை ஏழைக்கு அடைக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். இங்கும் பாருங்கள், ஆணையை ரத்து செய்யலாம், சட்டத்தை முடியாது. மனித உரிமைச் சட்டத்தின்கீழும் நீதிமன்றம், இந்தச் சட்டம் உரிமைகளோடு ஒத்துப்போகவில்லை என்று அறிவிக்கத்தான் முடியும். அறிவித்த பின்னும் அந்தச் சட்டம் செல்லும். 2004-இல் வெளிநாட்டுச் சந்தேக நபர்களை விசாரணையின்றி அடைத்துவைத்த சட்டத்தைப் பற்றி அப்படி அறிவித்தார்கள். கைதிகள் மறுநாள் வெளியே வரவில்லை. ஆனால் சில மாதத்தில் நாடாளுமன்றமே அந்தச் சட்டத்தை மாற்றியது.

சட்டம் போடுபவர், ஆள்பவர், தீர்ப்புச் சொல்பவர் தனித்தனியாக இருக்க வேண்டும் என்ற அதிகாரப் பிரிவினை அங்கே தளர்வு. 2005-இல் வந்த ஒரு சட்டம் மாற்றும்வரை சான்ஸலர் பிரபு என்ற ஒரே ஆள் அமைச்சரவையில் உட்கார்ந்தார், பிரபுக்கள் சபையை நடத்தினார், நீதித்துறைக்கும் தலைவராக இருந்தார். உச்ச நீதிமன்றமே நாடாளுமன்றத்தின் ஒரு குழுவாகத்தான் இருந்தது. 2009 அக்டோபரில்தான் சாலைக்கு எதிர்ப்பக்கம் தனிக் கட்டடத்துக்குக் குடிபோனது.

பிரபுக்கள் சபையும் சம்மதித்து, தேர்தலே வேண்டாம் என்று முழு நாடாளுமன்றமும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டால்? டைசியின் கணக்குப்படி செல்லும். 2005-இல் நரிவேட்டைத் தடைச் சட்டம் பற்றிய வழக்கில் ஸ்டெய்ன் பிரபு வேறு மாதிரி ஒரு குறிப்பு விட்டுச் சென்றார்: இறைமை என்பதே நீதிபதிகள் காமன் லாவில் கட்டியது, நீதிமன்றங்களின் அடிப்படை வேலையையே ஒழிக்கும் சட்டம் வந்தால் அந்தக் கட்டடத்தை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். அந்த வழக்கின் முடிவுக்குத் தேவைப்படாத கருத்து அது, கட்டுப்படுத்தாது. அப்படி ஒரு வழக்கு இதுவரை வரவில்லை.

கடைசித் தடுப்பு அரசர் அல்லவா என்று கேட்பீர்கள். எல்லா மசோதாவும் அவர் ஒப்புதல் பெற்றுத்தான் சட்டமாகும். மறுக்கச் சட்டத்தில் தடையும் இல்லை. கடைசியாக மறுத்தவர் ஆன் ராணி, 1708-இல், ஸ்காட்லாந்துக் குடிப்படை மசோதாவை. அதுவும் அமைச்சர்கள் கேட்டுக்கொண்டதால். ஒப்புதலை இன்றும் பழைய நார்மன் பிரெஞ்சில்தான் சொல்கிறார்கள்: ‘ல ருவா ல வெ’, அரசர் விரும்புகிறார். மறுப்புக்கும் ஒரு வாசகம் உண்டு. ‘மாட்டேன்’ என்று அல்ல, ‘அரசர் யோசித்துப் பார்ப்பார்’ என்று. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்களே, அந்த மாதிரி. முந்நூறு வருடமாக யாரும் அந்த வாசகத்தைச் சொல்லவில்லை. ஆனால் எடுத்துப் போடவும் இல்லை.